கடல் தெரியும் கப்பல் அறை: குடும்பத்தோடு போகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியவை

சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் என்று மூன்று நான்கு இரவு கப்பலில் போய்வரும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் கிளம்பியது. அடுத்த ஆண்டு அதே ஜூனில் ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என இலங்கைத் துறைமுகங்களுக்கும் போக ஆரம்பித்தது. அப்போதிருந்து உறவினர் வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது: “எந்த ரூம் எடுக்கலாம்?”

பதிலும் அநேகமாக ஒரே மாதிரிதான் வரும். “காசு இருந்தா பால்கனி. இல்லைன்னா கடல் தெரியுற ரூம். அதுக்கும் இல்லைன்னா ஜன்னல் இல்லாத ரூம்.” ரயிலில் ஏசி, ஸ்லீப்பர், அன்ரிசர்வ்டு என்று அடுக்குவது போல அடுக்கிவிடுகிறோம். கப்பல் அறையை அப்படி அடுக்க முடியாது. கைக்குழந்தையோ வயதான பெற்றோரோ கூட வந்தால், சரியான இடத்தில் இருக்கும் ஜன்னல் அறை, தவறான இடத்தில் இருக்கும் பால்கனி அறையை விட எவ்வளவோ மேல். அதே ஜன்னல் அறையை விவரம் பார்க்காமல் எடுத்தால், காசு கொடுத்து ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகின் முதுகைப் பார்த்துக்கொண்டு வர வேண்டியதுதான். ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

அறைகள் எத்தனை வகை?

கப்பலை மேலிருந்து பார்த்தால் ஒரு நீளமான தெரு போல இருக்கும். இரண்டு பக்கமும் நடைபாதை. நடைபாதைக்கு வெளிப்புறம் ஒரு வரிசை அறைகள், உட்புறம் இன்னொரு வரிசை. உட்புற வரிசையில் இருப்பவை உள் அறைகள். அவற்றுக்கு ஜன்னலே கிடையாது. வெளிப்புற வரிசையில் திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் இருந்தால் அதுதான் ‘கடல் தெரியும் அறை’, அதாவது ஓஷன் வியூ. கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே போய் நிற்க இடம் இருந்தால் பால்கனி அறை. இவற்றை விடப் பெரிதாக, உட்காரத் தனி இடத்தோடு இருந்தால் சூட்.

புதிய கப்பல்களில் பால்கனி அறைகள்தான் பெரும்பான்மை. அதனால் வெறும் ஜன்னல் மட்டும் உள்ள அறைகள் சில குறிப்பிட்ட இடங்களுக்கு ஒதுங்கிவிட்டன: கீழ்த்தளங்கள், கப்பலின் மூக்குப் பகுதி, உயிர்காப்புப் படகுகள் தொங்கும் தளத்துக்கு அருகில். கீழ்த்தளங்களில் பால்கனி வைக்காததற்குக் காரணம் உண்டு. அங்கே வெளிச்சுவர் என்பது கப்பலின் இரும்பு உடம்பேதான். அலை மோதும் இடத்தில் கதவு வைக்க மாட்டார்கள். பழைய கப்பல்களில் கதை வேறு. எம்பிரஸ் 1990-இல் பிரான்சில் கட்டப்பட்டது. அதில் பால்கனி அறைகள் மிகக் குறைவு. வெளிப்பக்க அறை என்றாலே பெரும்பாலும் ஜன்னல் அறைதான்.

எல்லா ஜன்னலும் ஒன்றல்ல

‘ஜன்னல் அறை’ என்று பொதுவாகச் சொல்லும்போது நான்கு வேறு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம்.

முதலாவது, வட்டக் கண்ணாடி. போர்ட்ஹோல் என்பார்கள். கடல் மட்டத்துக்கு மிக அருகில், அடித்தளங்களில் இருக்கும். வெளிச்சம் வரும், அலையும் தெரியும். ஆனால் இரண்டு குழந்தைகள் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது, சண்டை வரும். கடல் ரொம்பக் கொந்தளித்தால் சில கப்பல்களில் ஊழியர் வந்து இரும்பு மூடியால் இதை அடைத்துவிடுவார்கள்.

இரண்டாவது, அகலமான செவ்வக ஜன்னல். குடும்பத்துக்கு நான் சொல்வது இதைத்தான். பல கப்பல்களில் இதன் கீழே ஓர் அகலத் திண்ணை இருக்கும். எங்கள் அறையில் அந்தத் திண்ணை ஒரு குழந்தை சப்பணம் போட்டு உட்காரும் அளவுக்கு இருந்தது. என் அம்மா இரவு பத்து மணிக்கு அங்கே தலையணையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தவர், சிங்கப்பூர்–பினாங்கு வழியில் வரும் மலாக்கா நீரிணையில் எதிரே போகும் சரக்குக் கப்பல்களின் விளக்குகளை எண்ணிக்கொண்டே இருந்தார். கண்ணாடியின் வெளிப்புறம் உப்புத்துளி காய்ந்து திட்டுத் திட்டாக இருந்தது. அதைத் துடைக்க உள்ளிருந்து வழியே இல்லை.

மூன்றாவது, மறைப்புள்ள காட்சி. ஜன்னல் பெரிதாகவே இருக்கும். நேர் எதிரே ஓர் உயிர்காப்புப் படகோ அதைத் தாங்கும் இரும்புக் கையோ நிற்கும். விலை குறைவு. இதை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். பதிவுப் பக்கத்தில் எழுதித்தான் விற்கிறார்கள், நாம்தான் படிப்பதில்லை. பகல் வெளிச்சம் வந்தால் போதும், குழந்தை இரவு பகல் தெரிந்து தூங்கி எழுந்தால் போதும் என்பவர்கள் தெரிந்தே இதை எடுக்கலாம்.

நான்காவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. சில பெரிய கப்பல்களின் நடுவே கடைத்தெருவும் பூங்காவும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தபடி இருக்கும் அறைகளுக்கும் ஜன்னல் உண்டு, அவற்றின் பெயரிலும் ‘வியூ’ என்ற சொல் வரும். தெரிவது கடல் இல்லை, கடைத்தெரு. பிள்ளைகளுக்கு வேடிக்கை பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கடலுக்காகப் போகிறவர்களுக்கு அது வேறு சரக்கு.

ஆக, ‘ஜன்னல் உண்டா?’ என்று மட்டும் கேட்டால் போதாது. என்ன வடிவம், எதைப் பார்க்கிறது, எதிரில் ஏதாவது நிற்கிறதா என்று மூன்றையும் கேட்க வேண்டும்.

கப்பல் எங்கே அதிகம் ஆடும்?

இதுதான் விஷயத்தின் மையம். வீட்டில் கர்ப்பிணி யாராவது பஸ்ஸில் கிளம்பினால், “கடைசி சீட்ல உக்காராதே, தூக்கித் தூக்கிப் போடும்” என்று சொல்லித்தான் அனுப்புவோம். நடுவில் இடம் பார்த்து உட்காரச் சொல்வோம். கப்பலுக்கும் அதே புத்திதான்.

பூங்காவில் இருக்கும் சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். முனையில் உட்கார்ந்திருக்கும் குழந்தை மேலும் கீழும் போகும். நடுவில் தாங்கும் கட்டைமேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் அது அவ்வளவாக நகராது. அலையில் கப்பலின் மூக்கு ஏறும்போது பின்பக்கம் இறங்குகிறது. இந்த முன்பின் ஆட்டத்தைப் பிட்ச் என்கிறார்கள். தூளியை ஆட்டுவது போல இடமும் வலமுமாகச் சாய்வது இன்னொரு வகை, அது ரோல்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். எம்பிரஸ் கப்பலின் நீளம் சுமார் 211 மீட்டர். நடுவிலிருந்து முனைக்கு ஏறக்குறைய 105 மீட்டர். கப்பல் வெறும் 2 டிகிரி முன்பின் சாய்ந்தால்கூட, முனையில் இருக்கும் அறை சுமார் மூன்றரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். ஒரு மாடி உயரத்துக்கு மேல்! நடுவிலிருந்து 20 மீட்டர் தள்ளி இருக்கும் அறையோ 70 சென்டிமீட்டர்தான் நகரும். கப்பல் ஒன்றுதான், அலையும் ஒன்றுதான். ஒரு குடும்பம் நிம்மதியாகச் சாப்பிடுகிறது, இன்னொரு குடும்பம் பிளாஸ்டிக் பையைத் தேடுகிறது.

பக்கவாட்டு ஆட்டத்திலும் இதே தர்க்கம்தான், ஆனால் உயரத்தில் வேலை செய்கிறது. தென்னை மரத்தின் அடி அசையாது, உச்சி ஆடும். மேல்தளம் அதிகமாகவும் கீழ்த்தளம் குறைவாகவும் வீசும். தண்ணீருக்கடியில் மீனுக்கு இருப்பது போல இரண்டு பக்கமும் நீட்டிக்கொள்ளும் துடுப்புகள் பெரும்பாலான உல்லாசக் கப்பல்களில் உண்டு. ஸ்டெபிலைசர் என்று பெயர். அவை பக்க ஆட்டத்தை நன்றாகவே குறைக்கும். முன்பின் ஆட்டத்தை அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே நடுப்பகுதியைத் தேடுவது நம் பொறுப்பு.

இப்போது ஜன்னல் அறைகள் எங்கே இருக்கின்றன என்று திரும்பிப் பாருங்கள். பெரும்பாலும் கீழ்த்தளங்களில். பால்கனி அறைகள் மேலே. கீழே, நடுவில் இருக்கும் ஒரு ஜன்னல் அறைதான் கப்பலிலேயே அசைவு குறைந்த இடங்களில் ஒன்று. விலை குறைவு என்பதால் அதைத் தாழ்வாக நினைக்கிறோம். அதே விலை வகையில் மூக்குப் பகுதி ஜன்னல் அறைகளும் விற்கும். அவற்றைத்தான் தவிர்க்க வேண்டும்.

தலைசுற்றல் ஏன் வருகிறது?

மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையன்தான் முதலில் வாந்தி எடுப்பான். டிரைவருக்கு வராது. நம் உட்காதில் உடல் அசைவதை உணரும் சிறு உறுப்பு இருக்கிறது. அது “ஆடுகிறோம்” என்கிறது. கண்ணோ அசையாத போன் திரையைப் பார்த்து “சும்மாதான் இருக்கிறோம்” என்கிறது. இரண்டு சாட்சிகளும் முரணாகச் சொல்ல, மூளை குழம்பிக் குமட்டலைக் கிளப்புகிறது.

உள் அறையில் சுவர் மட்டும்தான் தெரியும், ஆகவே முரண்பாடு முழுசாக இருக்கும். ஜன்னல் வழியே தொலைவில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒத்துப்போகின்றன. இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை அதிகம். இரண்டு வயதுக்குக் கீழே பெரும்பாலும் வருவதில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஜன்னல் வெறும் அழகுக்கு இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். இரவில் வெளியே எதுவும் தெரியாது. அப்போது கண்ணை மூடிப் படுப்பதுதான் வழி. மாத்திரை வேண்டுமென்றால், குழந்தைக்கு எது, எவ்வளவு என்று கிளம்புவதற்கு முன் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பருவமும் இதில் சேர்த்தி. எம்பிரஸ் சென்னைக்கு இரண்டு முறையும் ஜூனில் வந்ததைக் கவனியுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்கள் அவை, அதனால்தான் கப்பல் வங்கக்கடல் பக்கம் வந்தது. மலாக்கா நீரிணை, இரண்டு பக்கமும் நிலம் காப்பதால், பெரும்பாலும் அமைதியானது. முதல் முறை குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அந்த வழி நல்ல ஆரம்பம்.

இதுவரை சொன்னதில் மனதில் நிற்க வேண்டியது: நடுப்பகுதி, கீழ்த்தளம், தொடுவானம் தெரியும் ஜன்னல்.

நான்கு கட்டில் இருந்தும் நான்கு பேருக்கு ஏன் தரவில்லை?

கப்பல் அறையின் விலை பெரும்பாலும் இரண்டு பேரைக் கணக்கில் வைத்தே போடப்படும். மூன்றாவது, நான்காவது ஆள் அதே அறையில் படுத்தால் அவர்களுக்குக் கட்டணம் வழக்கமாகக் குறைவு. துறைமுகக் கட்டணமும் ஊழியர்களுக்கான டிப்ஸ் தொகையும் தலைக்குத் தலை தனி. அந்தக் கூடுதல் ஆட்களுக்கான கட்டில்கள் எங்கே? ரயிலின் அப்பர் பெர்த் போல, சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும் மேல் படுக்கை ஒன்று அல்லது இரண்டு. இதைப் புல்மேன் என்பார்கள். அல்லது இரவில் கட்டிலாக விரியும் சோபா. ஏணி வைத்து ஏற வேண்டியிருப்பதால் சின்னக் குழந்தைக்கும் முழங்கால் வலியுள்ள தாத்தாவுக்கும் மேல் படுக்கை ஆகாது.

சாதாரண ஜன்னல் அறை 150 முதல் 200 சதுர அடிதான் இருக்கும். நம் வீட்டுப் படுக்கையறை ஒன்றுக்குள் கட்டில், சோபா, அலமாரி, குளியலறை எல்லாம். சோபாவை விரித்தால் நடக்க இடமிருக்காது. மேல் படுக்கை பகலில் மூடிக்கொள்ளும் என்பதால், நடக்கும் வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு மேல் படுக்கையுள்ள அறைதான் கொஞ்சம் தாராளம்.

இன்னொரு விஷயம் பலருக்கும் புரியாத புதிர். அறையில் நான்கு படுக்கை என்று படத்திலேயே தெரிகிறது, நான்கு பேர் என்று போட்டால் ‘இல்லை’ என்கிறது கணினி. மூன்று பேர் என்றால் கிடைக்கிறது. ஏன்?

காரணம் உயிர்காப்புப் படகு. 1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது அதில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள்; படகுகளில் இடம் இருந்ததோ 1,178 பேருக்கு. அந்தத் துயரத்திலிருந்து பிறந்ததுதான் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை. முதல் வடிவம் 1914-இல். இன்று கப்பலில் ஒவ்வொரு அறைக்கும், ஆபத்து நேரத்தில் படகில் ஏறுவதற்காகப் போய்ச் சேர வேண்டிய கூடுமிடம் ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். மஸ்டர் ஸ்டேஷன் என்பது அதன் பெயர். அந்த இடத்துக்கு இத்தனை தலைகள் என்று வரம்பு உண்டு. பக்கத்து அறைகளில் எல்லாம் நான்கு நான்கு பேர் பதிவு செய்துவிட்டால் அந்தப் பகுதியின் ஒதுக்கீடு தீர்ந்துவிடும். அப்புறம் கட்டில் காலியாக இருந்தாலும் ஆள் ஏற்ற மாட்டார்கள். கல்யாண மண்டபத்தில் நாற்காலி நிறைய கிடக்கலாம். இலை போட்ட எண்ணிக்கைக்குத்தான் பந்தி.

இதிலிருந்து இரண்டு முடிவுகள். நான்கு பேர் தங்கும் ஜன்னல் அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் பள்ளி விடுமுறைக் காலப் பயணத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். இன்னொன்று, மடியில் இருக்கும் கைக்குழந்தையும் ஒரு தலைதான். “பாப்பாதானே, அப்புறம் சேர்த்துக்கலாம்” என்று விட்டால் பின்னால் சேர்க்க முடியாமல் போகலாம். பல நிறுவனங்கள் ஆறு மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதே இல்லை. நீண்ட கடல் வழிகளில் அது பன்னிரண்டு மாதம். தொட்டில் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். விரிக்க இடம் உண்டா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து, ஆறு பேர் என்றால்? சில நிறுவனங்களின் சில கப்பல்களில் குடும்ப ஜன்னல் அறைகள் தனியாக உண்டு. ராயல் கரீபியனின் சில கப்பல்களில் ஆறு பேர் வரை தங்கும் அறை, கார்னிவல் நிறுவனத்தின் ட்ரீம், மேஜிக், ப்ரீஸ் கப்பல்களில் இரண்டு குளியலறை உள்ள ஐந்து பேர் அறை. டிஸ்னி கப்பல்களின் பல அறைகளில் கழிப்பறை ஒரு கதவுக்குள், குளியல் இன்னொரு கதவுக்குள். காலையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கிளம்பும் வீட்டுக்கு இதன் அருமை தெரியும். இவை கிடைக்காவிட்டால் இடையில் கதவு உள்ள இரண்டு அறைகள், அல்லது நடைபாதைக்கு எதிரும் புதிருமாக ஒரு ஜன்னல் அறையும் ஓர் உள் அறையும். பெற்றோரில் ஒருவர் பெரிய பிள்ளையோடு உள் அறையில் தூங்கலாம். அந்த அறை பகலிலும் கும்மிருட்டு. மதியத் தூக்கத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

பால்கனியும் சின்னக் குழந்தையும்

அமெரிக்கத் துறைமுகங்களில் ஆள் ஏற்றும் கப்பல்களுக்கு 2010-இல் வந்த சட்டம், கைப்பிடிச் சுவர் குறைந்தது 42 அங்குலம் இருக்க வேண்டும் என்கிறது. மூன்றரை அடி. நின்றால் போதுமான உயரம்தான். ஆனால் பால்கனியில் நாற்காலியும் குட்டி மேசையும் இருக்கின்றன, ஏறத் தெரிந்த மூன்று வயதுக் குழந்தையும் இருக்கிறது. கதவு பூட்டியிருக்கிறதா என்று அம்மா இரவெல்லாம் எழுந்து எழுந்து பார்ப்பது ஓய்வா? திறக்க முடியாத ஜன்னலை ஒரு குறையாகச் சொல்கிறார்கள். ஐந்து வயதுக்குள் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அதுதான் அதன் பெரிய நிறை. கடல்காற்று வேண்டுமா, கப்பலின் திறந்த தளங்கள் எல்லாருக்கும் பொது. எல்லாரும் சேர்ந்து போய் வரலாம். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட குடும்பம், நாள் முழுக்க அறையிலேயே இருக்க விரும்பும் குடும்பம் என்றால் பால்கனிக்குக் கொடுக்கும் காசு வீண் என்று சொல்ல மாட்டேன்.

அறை எண்ணைப் படிப்பது

பதிவு செய்யும்போது தளவாரியாக வரைபடம் காட்டுவார்கள். அறை எண்ணின் முதல் இலக்கம் அல்லது முதல் இரண்டு இலக்கங்கள் தளத்தைச் சொல்லும். பல கப்பல்களில் இரட்டைப்படை எண்கள் இடப்பக்கம், ஒற்றைப்படை எண்கள் வலப்பக்கம். போய்த் திரும்பும் பயணத்தில் எந்தப் பக்கம் என்று ரொம்ப யோசிக்க வேண்டாம், போகும்போது ஒரு பக்கம் தெரிந்த கரை வரும்போது மறுபக்கம் தெரியும்.

சத்தத்துக்கு ஒரே விதி: உங்கள் தளத்தை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலும் கீழும் அறைகளே இருந்தால் நிம்மதி. தலைக்கு மேல் சமையற்கூடமோ நடன அரங்கமோ இருந்தால் தூக்கம் போச்சு. மூக்குப் பகுதியில் நங்கூரம் இறங்கும் ஓசை விடிகாலையில் எழுப்பிவிடும். பின்கோடியில் இயந்திர அதிர்வு.

கடைசியாக, ‘கியாரண்டி’ என்ற பெயரில் விலை குறைத்துத் தருவார்கள். உறுதி செய்யப்படுவது அறையின் வகை மட்டுமே. எண்ணை அவர்கள்தான் பின்னால் ஒதுக்குவார்கள். முதல் வகுப்பு ஏசியில் டிக்கெட் உறுதியாகி, எந்த கேபின் என்பது சார்ட் போட்ட பிறகுதான் தெரிவது போல. தனியாகப் போகிறவர் தாராளமாக எடுக்கலாம். இரண்டு அறையாகப் போகும் குடும்பத்துக்கு வேண்டாம். பாட்டி ஐந்தாம் தளத்திலும் பேரப்பிள்ளைகள் ஒன்பதாம் தளத்திலும் போய் விழலாம். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் எண்ணைப் பார்த்து, நடுவில், பக்கத்துப் பக்கத்து அறைகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.